ரிசப்ஷனில் ஒப்படைத்த சாவி

என் அண்ணி ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார். அண்ணனுக்கு இவர் இரண்டாம் மனைவி. முதல் அண்ணி நோயில் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, சொந்தக்காரர்களெல்லாம் அண்ணனைக் கரைத்துச் செய்துவைத்த கல்யாணம். அவன் மகளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் என்ன கேட்பது என்று நினைத்துவிட்டோம். அவள் அதை மனதில் வைத்துக்கொண்டாள். புதிதாக வந்தவரை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. "சாப்பாடு வேணும்", "கையெழுத்து போடணும்" என்று சுவரைப் பார்த்துப் பேசுவாள்.

அண்ணியோ ஹோட்டல் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கதவை இரண்டு முறை தட்ட வேண்டும், பதில் வராமல் நுழையக் கூடாது. தங்கியிருப்பவர்களின் பொருளில் கை வைக்கக் கூடாது. கீழே எது கிடந்தாலும் ரிசப்ஷனில் ஒப்படைக்க வேண்டும். மகளின் அறைக் கதவையும் அப்படித்தான் தட்டுவார். உள்ளேயிருந்து சத்தமே வராது. மடித்த துணிகளை வெளியே நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். முதல் அண்ணியின் அலமாரியை அவர் திறந்ததே இல்லை. அவருடைய துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் சூட்கேஸில்தான்.

"என்ன அண்ணி, ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா?" என்று கிண்டல் செய்வேன். சிரித்து மழுப்புவார். எனக்கு அண்ணன் மேல்தான் எரிச்சல் வரும். அவன் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

பள்ளி விடுமுறை வந்தது. நான் சின்ன வயதில் ஆடிய பழைய வீடியோ கேம் பெட்டியை அவளுக்குக் கொடுத்திருந்தேன். அதில் ஒரு விளையாட்டு. ஓட்டம் இல்லை, சுடுவது இல்லை. டிவியில் ஓர் அம்புக்குறி நகரும். எதன் மேல் வைத்து அழுத்துகிறோமோ அதைப் பார்க்கலாம், எடுக்கலாம், யாருக்காவது கொடுக்கலாம். மலை மேல் ஒரு பழைய விடுதி. அங்கே வந்த ஒருவனின் தம்பி காணாமல் போய்விட்டான். ஒவ்வோர் அறையாகத் துழாவி அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் சோறு தண்ணீர் மறந்து ஆடி, அடித்தள அறையின் சாவி வரைக்கும் வந்திருந்தாள்.

அன்று ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். அண்ணி துடைப்பத்தோடு நின்று டிவியையே பார்த்தார்.

"இது ஹோட்டலா தம்பி? ஜன்னல் திரைச்சீலையெல்லாம் எவ்வளவு அழுக்கு!"

"நீங்களே போய்ப் பாருங்க அண்ணி" என்று கையில் கண்ட்ரோலரைத் திணித்துவிட்டு டீ போடப் போனேன். டீயோடு திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது.

குளித்துவிட்டு வந்தவள் திரையைப் பார்த்தாள். "சாவி எங்கே?"

"ரிசப்ஷன்ல ஒப்படைச்சுட்டேம்மா" என்றார் அண்ணி நிம்மதியாக. "அது வேற ரூம் சாவி. தொலைச்சவங்க தேடுவாங்கல்ல? பதிவு செய்யவான்னு கேட்டுது, அதையும் பண்ணிட்டேன்."

பழைய விளையாட்டு, தப்பு செய்தால் தடுக்காது. பதிவு செய்ய ஒரே ஓர் இடம்தான்; அவள் முன்பு பதிவு செய்திருந்தது அழிந்துவிட்டது. இனி அந்தச் சாவி திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

"அது நான் திருடின சாவி!" என்று கத்தினாள்.

"திருடினியா?" அண்ணிக்கு முகமே வெளுத்துவிட்டது.

பிள்ளையின் உதடு துடித்தது. அழப்போகிறாள், இந்த வீட்டில் மிச்சமிருந்த கொஞ்ச நஞ்சமும் போச்சு என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. "மன்னிச்சுக்கம்மா. உன் பொருளை நான் தொட்டிருக்கக் கூடாது" என்று கண்ட்ரோலரை மேஜையில் நேராக வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க போறீங்க? கெடுத்தது நீங்கதானே? உட்காருங்க. முதல்லேருந்து நீங்களே ஆடணும்" என்றாள் பிள்ளை.

அதன்பிறகு வேலை முடிந்து அண்ணி வந்ததும் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அண்ணியோடு ஆடுவது லேசுப்பட்ட காரியமா? திறந்த இழுப்பறையை மூடாமல் அடுத்த அறைக்கு நகர மாட்டார். ஒரு கிழவரின் கோட்டுப் பைக்குள் கண்ணாடி இருந்தது. அதை எடுக்க வைப்பதற்குள் பிள்ளைக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

"எடுங்க."

"கேக்காம எப்படிம்மா?"

"ஐயோ! இதுல எதையும் எடுக்கலன்னா நின்ன இடத்துலயேதான் நிக்கணும். எடுங்க!"

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார் அண்ணி.

விடுமுறை முடிவதற்குள் அந்தத் தம்பி கிடைத்துவிட்டான். இசை வந்தது, பெயர்கள் ஓடின. அண்ணி கைதட்டினார், அண்ணன்கூடப் பேப்பரை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தான். பிள்ளை மட்டும் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சூட்கேஸ் ஏன் இன்னும் கட்டிலுக்கு அடியிலயே இருக்கு?"

அண்ணி தடுமாறினார். "அலமாரி உங்க அம்மாவோடதும்மா."

அவள் எழுந்து அண்ணனின் படுக்கையறைக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம். கட்டிலில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "மேல் தட்டு அம்மாவுக்கு. அது அப்படியே இருக்கட்டும். கீழ இருக்கறதெல்லாம் நீங்க எடுத்துக்குங்க."

அண்ணி சூட்கேஸை வெளியே இழுத்தார். அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். கை தானாக எழுந்தது. கதவை இரண்டு முறை தட்டிவிட்டு, வழக்கம்போல் ஓர் அடி தள்ளி நின்று காத்திருந்தார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"உள்ள வாங்க சித்தி" என்றாள் பிள்ளை.