சேவியர்ராஜின் நான்கு பெட்டிகள்

உறுவையாறு ஊர்க்காரர் சேவியர்ராஜ் பகலில் சமையலறை அலமாரி செய்கிறவர். வில்லியனூரில் ஒரு பட்டறையில் பதினெட்டு வருஷமாகப் பலகை அறுக்கிறார். ஆனால் சுற்றுவட்டார மைக் செட்காரர்களுக்கு அவரைத் தெரிந்தது ஸ்பீக்கர்களால்தான். மூடிக்கிடந்த ஒரு சினிமா கொட்டகையை இடித்தபோது, திரைக்குப் பின்னால் இருந்த நான்கு பழைய ஸ்பீக்கர்களை அவர் வாங்கி வந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டைவிட அகலமான காகிதக் கூம்பு, பின்னால் பத்துக் கிலோ காந்தம். இன்றைய ஸ்பீக்கருக்கு நூறு வாட் கொடுக்க வேண்டிய இடத்தில் இதற்குப் பத்து வாட் போதும். கழனிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் பேச்சு கேட்கும்.

ஆனால் ஸ்பீக்கர் தனியாக ஒன்றும் செய்யாது. அதன் எடையைத் தாங்கவும் பின்பக்கத்துக் காற்றை அடக்கி வைக்கவும் பெட்டி வேண்டும். முதல் பெட்டிகளைப் பட்டறையில் மிஞ்சிய பார்ட்டிகிள் போர்டில் செய்தார். மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை அது. திருவிழாவுக்கு மூன்றே நாள் இருந்ததால் ஸ்பீக்கர்களை மர ஸ்குருவிலேயே முடுக்கிவிட்டார்.

2022 ஆகஸ்ட் கடைசியில், வில்லியனூருக்கு மேற்கே ஒரு சிற்றூரின் மாதா கோயிலில் திருவிழாக் கொடியேற்றம். மதியம் நல்ல மழை. எட்டடி இரும்புச் சாரத்தின் மேல், கூட்டத்தைப் பார்த்துச் சற்றே குனிந்தபடி பெட்டிகள் நின்றன. சாயங்காலம் ஜெபமாலை நடந்துகொண்டிருக்கும்போது இடதுபக்கப் பெட்டியின் முகப்பிலிருந்து ஸ்பீக்கர் கழன்று விழுந்தது. கீழே சுண்டல் கூடையோடு உட்கார்ந்திருந்த வேலம்மாளின் வலது தோளில் விழுந்தது.

வேலம்மாள் சுத்துக்கேணிக்காரர். ஐம்பத்திரண்டு வயது. நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போவார், திருவிழாக் காலத்தில் சுண்டல் விற்பார். ஆஸ்பத்திரியில் உடைந்த எலும்பில் பிளேட் வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் வலது கை தோளுக்கு மேல் எழவே இல்லை.

சேவியர்ராஜை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மழையும் காற்றும்தான் காரணம் என்றார்கள். விழாக் குழுத் தலைவர் தாமஸ் இன்னொன்றும் சொன்னார்: “சாரத்துக்குக் கீழ கடை போடாதன்னு சொன்னோம். அந்தம்மாதான் கேக்கல.” அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது.

மறுநாள் காலையில் சேவியர்ராஜ் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். ஈரம் குடித்த பலகை விரல் பட்டதும் புட்டு மாதிரி உதிர்ந்தது. எட்டு ஸ்குருவும் வளையாமல் நெளியாமல் அப்படியே வெளியே வந்திருந்தன.

“வேணும்னா செஞ்ச? மழ வரும்னு உனக்குத் தெரியுமா இன்னா?” என்றார் மனைவி ஜெசிந்தா மேரி.

“மழ வரும்னு தெரியாது ஜெசி. தண்ணி பட்டா அந்தப் பலக ஊதும்னு தெரியும். ஒருத்தர் வூட்டு சிங்க்குக்குக் கீழ நானே அத போட மாட்டேன்.”

இரண்டு மாதம் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு சுத்துக்கேணிக்குப் போனார். வேலம்மாள் வாசலில் உட்கார்ந்து இடது கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சேவியர்ராஜ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பலகையை, ஸ்குருவை, தெரிந்தேதான் செய்ததை.

வேலம்மாள் கையிலிருந்த காம்பைக் கீழே போட்டார். பிறகு கீரையைத் தள்ளி வைத்தார்.

“இத்தினி நாளா என் தலையெழுத்துன்னு நெனச்சிகினு இருந்தேன். நாலு பேர் நடுவுல என் மேலயே வந்து வுழுதேன்னு அழுது ஓஞ்சிட்டேன். இப்ப வந்து நீதான்னு சொல்ற. இனிமே ராவும் பகலும் உன் மூஞ்சி இல்ல வந்து நிக்கும்?”

“மன்னிச்சிடுக்கா.”

“அத வுடு. கேக்காம கடை போட்டேன்னு ஊரே பேசுது. அடுத்த வருசம் எடம் கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. என்கிட்ட சொன்னியே, அத கோயில்ல எல்லார் முன்னாடியும் வந்து சொல்லு. அவ்ளோதான் எனக்கு வேணும்.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலையும் முன் சேவியர்ராஜ் கோயில் முற்றத்தில் நின்று பேசினார். வேலம்மாளும் மகள் ஆண்டாளும் கோயில் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். “தப்பு பெட்டியில. பெட்டி நான் செஞ்சது. அந்தக்காவ அங்க உக்காராதன்னு யாரும் சொல்லல” என்று மட்டும்தான் சேவியர்ராஜால் சொல்ல முடிந்தது.

“முடிஞ்சி போனத எதுக்குப்பா கெளறிகினு?” என்றார் தாமஸ்.

“அவங்களுக்கு முடியல அண்ணே.”

தாமஸ் கேட்டுப் பக்கம் போய், “எடம் உண்டும்மா, வழக்கம்போல வாங்க” என்றார்.

அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு மைக் செட்காரர்கள் சேவியர்ராஜைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். இனி ஒரு துண்டுப் பலகைகூட வெளியே போகக் கூடாது என்று பட்டறை முதலாளி கறாராகச் சொன்னார். டீக்கடையில் அவருக்கு ஒரு பட்டப்பெயரும் வந்தது. அவர் அதைக் கேட்டும் கேளாதவராகப் போய்வந்தார்.

ஸ்பீக்கர்களை விற்றுவிடச் சொன்னார் ஜெசிந்தா. “விக்கலாம். வாங்கறவன் எந்தப் பலகையில மாட்டுவான்னு யாருக்குத் தெரியும்?” என்றார் சேவியர்ராஜ்.

புதுப் பெட்டிகள் செய்ய ஏழு மாதம் ஆயிற்று. தண்ணீருக்கு அசையாத முக்கால் அங்குல பிளைவுட் வாங்கினார். ஸ்குருவே இல்லை. முகப்பைத் துளைத்து உள்ளே நட் போட்டு முடுக்கிய போல்ட்டுகள்தான். விளிம்பு மட்டுமே எடையைச் சுமக்காதபடி, காந்தத்துக்குக் கீழே மரத்தில் ஒரு தொட்டில் அமைத்தார். ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, அதிர்கிற இடத்தில் உள்ளே குறுக்குச் சட்டம் வைத்தார். மூட்டுகளில் ஊதுவத்தியைப் பிடித்துப் புகை ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடிய இடத்தை அடைத்தார். கடைசியில், முதலில் முடிந்த பெட்டியை ஸ்பீக்கரோடு கவிழ்த்துத் தொங்கவிட்டு, ஸ்பீக்கரின் விளிம்பில் இரண்டு மணல் மூட்டையைக் கட்டி, ஒன்பது நாள் தினமும் அதன் மேல் தண்ணீர் ஊற்றினார். ஒரு போல்ட்டும் நகரவில்லை.

பெட்டி அதிராமல் போனதில் அவர் நினைக்காத ஒன்றும் நடந்தது. முன்பு பலகையும் சேர்ந்து முனகியதால் பேச்சு குழம்பும். இப்போது ஒவ்வொரு எழுத்தும் தனியாக வந்தது. அதைக் கேட்டபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

அடுத்த கொடியேற்றத்துக்குப் பங்குச் சாமியாரிடம் போய், பெட்டிகளை வைக்கட்டுமா என்று தானே கேட்டார். “தரையில வெக்கறதா இருந்தா கொண்டுவா” என்றார் சாமியார். நான்கு பெட்டிகளும் தரையில்தான் நின்றன. சுற்றிலும் கயிறு கட்டி, சேவியர்ராஜ் பக்கத்திலேயே நின்றார்.

மன்றாட்டு ஜெபம் தொடங்கியதும் கயிற்றடியில் ஜெசிந்தாவை நிற்கவைத்துவிட்டு வேலம்மாளைத் தேடிப் போனார். குழு கொடுத்த இடத்தில் அவர் இல்லை. கோயிலுக்கு வெகுதூரம் தள்ளி, பஸ் நிற்கிற இடத்தில் கடை போட்டிருந்தார். ஆண்டாள் சுண்டல் அள்ள, அவர் மடியில் வைத்துப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்.

“இங்க கேக்குதாக்கா?”

“கேக்குது. ஒரு வார்த்த வுடாம கேக்குது.”

“கிட்ட வரலாமே. எல்லாம் தரையிலதான் இருக்கு.”

“வேணாம்பா. எனக்கு இங்கயே சரி.”

சேவியர்ராஜ் தலையாட்டினார். மன்றாட்டு முடிகிறவரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். பஸ் வந்து ஆட்கள் இறங்கி கடையைச் சூழ்ந்ததும் சேவியர்ராஜ் வழிவிட்டு விலகி, பெட்டிகளை நோக்கி நடந்தார்.