செம்பூரில் பெய்த பனி

மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. இயந்திரத்தின் வயிற்றிலிருந்து சூடாக வந்து விழும் தாளுக்கு ஒரு வாசனை இருக்கிறது, இஸ்திரிப் பெட்டியும் லேசாகக் கருகிய பாவ் ரொட்டியும் சேர்ந்த மாதிரி. போன வாரம் ஆதார் நகல் எடுக்கப் போனவன், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எதற்கு வந்தோம் என்பதே மறந்து நின்றுவிட்டேன். மற்றவர்களுக்கு அது வெறும் சூடான காகிதம். எனக்குத் திருட்டுச் சொத்து. திருடியவன் நான்தான்.

செம்பூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜன்னல் எண் இரண்டு. பகலெல்லாம் சான்றிதழ், ஹால் டிக்கெட், தொலைந்துபோன அடையாள அட்டை. குர்லாவில் வண்டி மாறக் காத்திருக்கும் சில நிமிடங்களில் கவிதை. என் வரிகள் மூச்சுவாங்குவதாகச் சொல்பவர்கள் அந்த ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறிப் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கல்லூரிக்கு ஒரு ஆய்வுக்குழு வருவதாகத் தகவல் வந்தது. சுவர்களுக்குப் பெயின்ட், குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குச் செம்மண் பூச்சு, வராத பேராசிரியர்களுக்கு வருகைப்பதிவு, எல்லாம் ஆயிற்று. குழு அனுப்பிய பட்டியலில் ஒரு கேள்வி மட்டும் பாக்கி. மாணவர்கள் கணினி வலையமைப்பை எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிக் கூடாது என்பதற்கு எழுத்துபூர்வமான விதிகள் உண்டா? எங்களிடம் வலையமைப்பு இருந்தது. மாணவர்கள் இருந்தார்கள். விதிகள்தான் இல்லை.

முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அரே, ஆப் தோ கவி ஹை நா?" என்றார். அந்தக் கட்டடத்தில் நான் கவி என்பதை ஒருவர் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. நாளை மறுநாளுக்குள் பத்துப் பக்கம் வேண்டும் என்றார். கூடினால் தப்பில்லையாம், கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டுமாம்.

அன்று மாலை முதல் வரிக்காகக் காத்திருந்தேன். கவிதையின் முதல் வரி வானத்திலிருந்து விழும் என்பார்கள். இது இணையத்திலிருந்து விழுந்தது. கடல் கடந்த ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் விதிகள், பதினோரு பக்கம், ஒரு கமா பிசகாத ஆங்கிலம். அப்படியே எடுத்தேன். அவர்கள் பெயர் இருந்த இடத்திலெல்லாம் எங்கள் பெயரைப் போட்டேன். ஒன்பதாம் விதியில் 'தாங்க்ஸ்கிவிங்' என்று ஒரு பண்டிகை குறுக்கிட்டது. அதை அடித்துவிட்டு 'கணபதி' என்று எழுதினேன். அந்தப் பதினோரு பக்கத்தில் என் சொந்தப் படைப்பு அந்த ஒரு சொல்தான்.

நான்காம் விதி சொன்னது, பிறர் எழுதியதை அனுமதியின்றி இந்த வலையமைப்பின் வழியே எடுத்துத் தன்னுடையதாகக் காட்டுவது கடும் குற்றம் என்று. அதையும் அனுமதியின்றி, அதே வலையமைப்பின் வழியே எடுத்தேன். அதே மாதத்தில்தான், என் கவிதை ஒன்றை யாரோ தன் பெயர் போட்டு வாட்ஸப்பில் சுற்றவிட்டதற்காகத் தமிழ்க் குழு ஒன்றில் நாலு நாள் சாமியாடியிருந்தேன்.

ஆய்வுக்குழு வந்தது. தாள்களைக் கையில் எடுத்துப் பார்த்தது. கனமாக இருந்தன. பாராட்டிவிட்டுப் போனது.

அதிலிருந்து ஒவ்வொரு சேர்க்கையின்போதும் அந்தப் பதினோரு பக்கமும் ஜெராக்ஸ் ஆகி என் ஜன்னல் வழியே போகும், கையெழுத்தோடு திரும்பி வரும். யாரும் படித்ததில்லை. தாராவியிலிருந்து வந்த ஒரு தகப்பனார் மட்டும் கடைசிப் பக்கத்தில் பேனாவை வைத்தபடி கேட்டார்: "இதுல வீட்டைக் கீட்டை எழுதி வாங்கிற மாட்டீயளே?" இல்லை என்றேன். போட்டுவிட்டார். பிறகு யாராவது இன்டர்நெட் கிடைக்கவில்லை என்று வந்து நின்றால் எனக்கு ஒரே பதில்தான்: "விதியைப் படிச்சுப் பாரும்மா. நீ கையெழுத்துப் போட்டதுதானே." ஜன்னலைச் சாத்துவதற்கு அதைவிட நல்ல தாழ்ப்பாள் கிடையாது.

இந்த ஏப்ரலில், ஒரு புதன்கிழமை, அந்தத் தாழ்ப்பாள் உடைந்தது.

வந்தவள் கடைசி வருட மாணவி. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு. பிறந்தது சயானில், பேச்சு மட்டும் திருநெல்வேலியை விட்டு நகரவே இல்லை.

"சார், என் லாகின் பந்த் ஆயிட்டு, உள்ளயே போவ முடியல. ஸ்கிரீன்ல ஏழாம் விதின்னு மட்டும் வருது. சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள புராஜெக்டை ஏத்தணும் சார். ஏத்தலைன்னா ஹால் டிக்கெட் கிடையாது. ஜூலைல சான்பாடால ஒரு கம்பெனில சேரச் சொல்லியிருக்காவ. அதுவும் போயிரும்."

ஏழாம் விதி, வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது. என்ன வியாபாரம் என்று கேட்டேன்.

"வியாபாரம்லாம் இல்ல சார். தத்கால்."

விஷயம் இதுதான். வெயில் ஏறியதும் அவளுடைய சால் முழுக்க ஊருக்குக் கிளம்பும். சால் என்றால் வரிசையாக ஓரறை வீடுகள், ஒரே நடை. ரயிலில் ஸ்லீப்பர் தத்கால் டிக்கெட் காலை பதினோரு மணிக்குத் திறந்து, வீட்டு வைஃபையில் அந்தச் சக்கரம் ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் தீர்ந்துபோகும். கல்லூரி லேபில் சக்கரம் சுற்றாது. எனவே பத்து ஐம்பதுக்கு அவள் லேபில் உட்கார்வாள். அவரவர் கணக்கு, அவரவர் டிக்கெட். ஓ.டி.பி. மட்டும் லேபர் கேம்ப்பிலிருந்து போன் வழியே கூவி வரும். அவளும் பதிலுக்குக் கூவுவாள். "அத்தை, நம்பரைச் சட்டுனு சொல்லுங்க. நேத்து வந்ததை இல்ல அத்தை, இப்ப வந்ததை!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. "விதியைப் படிச்சுப் பாரும்மா" என்றேன்.

அவள் படித்துவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜன்னலில் நின்றாள். தாள்களில் பென்சில் கோடுகள்.

"சார், ஆறாம் பக்கத்துல ஸ்னோ விழுந்தா லேபை மூடிருவாங்கன்னு போட்டிருக்கு."

"அது ஒரு பொது முன்னெச்சரிக்கை."

"செம்பூர்லயா?"

நான் ஸ்டேப்ளரைத் திறந்து பார்த்தேன். உள்ளே பின்கள் இருந்தன. மூடினேன்.

"எங்க புராஜெக்டை ஏத்துறதுக்கு முந்தி காப்பியடிச்சிருக்கான்னு ஒரு சாஃப்ட்வேர்ல போட்டுப் பாப்பாங்கல்லா? அதுல இதைப் போட்டேன் சார்." குரலைத் தாழ்த்தினாள். "தொண்ணூத்தாறு பர்சன்ட்."

"உன் லாகின்தான் பந்த் ஆயிடுத்தே. யாரோட லாகின்ல போட்டே?"

"அதைக் கேக்காதீய."

பின்னால் மின்விசிறி தன் ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் என் அகங்காரம்தான் வாய் திறந்தது.

"மீதி நாலு பர்சன்ட்?"

"காலேஜ் பேரும் கணபதியும் சார்."

மிரட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தாள்களை மடித்துப் பையில் வைத்தாள். "நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன் சார். எனக்கு லாகின் வந்தாப் போதும்" என்றாள். மிரட்டியிருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை. முதல்வர், லேப் பொறுப்பாளர், கணிதப் பேராசிரியை, குறிப்பெடுக்க நான், எதிரே அவள். பேச்சு ஹிந்தியிலும் ஆங்கிலத்திலுமாக நடந்தது. என் நினைவில் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

லேப் பொறுப்பாளர் கேமரா படங்களைச் சீட்டுக்கட்டு போல மேசையில் பரப்பினார். "ஒரே நாற்காலி, ஒரே நேரம், முப்பத்தொரு டிக்கெட். இவள் மாணவி இல்லை. ஏஜென்ட்."

"யாரிடமாவது ஏதாவது வாங்கினாயா?" என்று கேட்டார் பேராசிரியை.

"ஒரு ஆன்ட்டி ஊரிலிருந்து அல்வா கொண்டுவந்தார் மேடம். கால் கிலோ. லேபில் எல்லோரும் சாப்பிட்டோம்." சொல்லிவிட்டு அவள் லேப் பொறுப்பாளரைப் பார்த்தாள்.

"எனக்கும் ஒரு துண்டு தந்தாள்" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "அது இங்கே பிரச்சினை இல்லை."

அவள் எழுந்து நின்று ஒன்பதாம் விதியைப் படித்தாள். விடுமுறைக் காலங்களில், குறிப்பாகக் கணபதிக்கு, மாணவர்கள் தமக்கும் தம்மோடு ஒரே கட்டடத்தில் வசிப்போருக்கும் ஊர் செல்லப் பயண ஏற்பாடுகள் செய்துகொள்ள இவ்வலையமைப்பைப் பயன்படுத்தலாம். கடல் கடந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் அது விடுதி மாணவர்களுக்காக எழுதப்பட்டது. எங்களுக்கு விடுதியே கிடையாது.

அறையில் இருந்தவர்கள் முதல் முறையாகத் தங்கள் விதிகளைப் படிக்கத் தொடங்கினார்கள். பக்கங்கள் புரண்டன. பேராசிரியை ஆறாம் பக்கத்தில் நின்றார்.

"ஸ்னோ?" என்றார்.

லேப் பொறுப்பாளர் நிமிர்ந்தார். "இது எங்கிருந்தோ காப்பியடித்தது! அப்படியானால் ஒன்பதாம் விதியும் செல்லாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவளைத் தவிர. அவள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லமாட்டேன் என்றவள், பார்க்கக்கூட மாட்டாள் போலிருந்தது. நான் உண்மையைச் சொன்னால் ஒன்பதாம் விதி செத்துவிடும். அதோடு அவள் புராஜெக்ட், ஹால் டிக்கெட், சான்பாடா வேலை எல்லாம் போகும். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நேர்மையாக இருக்கலாம் என்று தோன்றிய நாளில், நேர்மைக்கு அங்கே இடமில்லை.

எழுந்தேன். "நான்தான் எழுதினேன்" என்றேன். "ஒவ்வொரு வார்த்தையும். ஸ்னோ என்பது படிமம்."

"என்னது?"

"இமேஜ், சார். ஜூலை மழையில் ரயில் நிற்பது, தண்டவாளத்தில் தண்ணீர், எல்லா இயற்கைச் சீற்றங்களையும் ஒரே சொல்லில் குறிக்கிறது. மழை என்று எழுதினால் மழை மட்டும்தான் வரும். பனி என்று எழுதினால் எல்லாம் வரும்."

இருபது வருடமாக இலக்கியக் கூட்டங்களில் நான் செய்த எந்த வியாக்கியானத்துக்கும் அப்படியொரு மௌனம் வாய்த்ததில்லை. பேராசிரியை தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

முதல்வர் கவிதைக்கெல்லாம் மசிகிறவர் இல்லை. அவர் வேறு கணக்குப் போட்டிருந்தார். "இந்த விதிகளை ஆய்வுக்குழு பார்த்தது. பாராட்டியது. பதிவேட்டில் இருக்கிறது. இது தவறென்றால் அந்தப் பாராட்டும் தவறாகும்." தாள்களைத் தட்டிச் சீராக்கினார். "எனவே தவறில்லை. ஒன்பதாம் விதி செல்லும். லாகினைத் திறந்துவிடுங்கள்." லேப் பொறுப்பாளரின் முகம் வாடியதைப் பார்த்து அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். வலையமைப்பை முறையாகப் பயன்படுத்துவது பற்றி அவள் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். கையால். சொந்தமாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "வரும் வருஷத்துக்கு இதைத் திருத்தி எழுதுங்கள். உங்கள் படிமத்தை மழையாக்கிவிடுங்கள்."

பன்னிரண்டு மணிக்கு லாகின் திறந்தது. நாலு மணிக்கு ஜன்னலுக்கு வந்தாள். புராஜெக்ட் ஏறிவிட்டதற்கான பச்சை அடையாளத்தைப் போனில் காட்டினாள். கூடவே அந்த ஒரு பக்கம். தடுமாறும் ஆங்கிலம். முதல் இரண்டு வரிகள் இப்படி: 'எங்கள் சாலில் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். என் பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை, அதனால் நானே போய் உட்கார்ந்தேன்.'

கை தானாகச் சட்டைப் பையிலிருந்த நோட்டுக்குப் போனது. வழியில் பிடித்து நிறுத்தினேன். வரிகள் அவளுடையவை. இங்கே அவளுடையவை என்று சொல்லித்தான் எழுதியிருக்கிறேன்.

"நீயே எழுதினதா?" என்றேன்.

"சந்தேகம்னா சாஃப்ட்வேர்ல போட்டுப் பாருங்க சார். பூஜ்யம் வரும்." சிரித்தாள். "உங்களுக்குத்தான் இப்ப வேலை. பதினோரு பக்கம்."

"எழுதறேன். இந்தத் தடவை நானே எழுதறேன்."

"சின்னதா எழுதுங்க. அப்பந்தான் படிப்பாவ."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டு வரை போனவள், நின்று திரும்பினாள்.

"சார், ஸ்னோவை வேணும்னா எடுத்துருங்க. ஒம்பதை மட்டும் எடுத்துராதீய. வர்ற வருசம் என் தங்கச்சி இங்கனதான் சேருதா."