அறுபதாம் படியில் சொன்னது

திருச்செங்கோட்டு மலையேறும் அன்பர்களுக்கு, ஒரு கிழவனின் குற்றத்தையும் அவனுக்குக் கிடைத்த அருளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. வெண்ணந்தூர் வழியாகச் சேலம் போகும் பஸ்ஸுக்கு நான் டிரைவர். பின்னாலிருந்த கரியடுப்பைக் கவனித்தவர் மாரப்பன், என்னிலும் மூத்தவர்.

மாசி மாதக் காலை. வெண்ணந்தூரில் நெசவாளர்கள் பாதையோரம் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். என் இடக்கை விரல்கள் இழுத்தன. பிறகு ஒன்றும் தெரியவில்லை. கண் விழித்தபோது சக்கரத்தில் பாவு நூல் சுற்றிக் கிடந்தது. நெசவாளர் அங்கமுத்துவை பஸ்ஸுக்கு அடியிலிருந்து மாரப்பன் இழுத்துக்கொண்டிருந்தார். அங்கமுத்துவுக்குத் தொடை முறிந்து, பேச்சில்லை.

எனக்கு அது மூன்றாவது வலிப்பு. முதல் இரண்டும் வீட்டில் வந்தவை. பள்ளி இறுதி வரை படித்தவன் நான். லைசென்சு மனுவில் வலிப்பு உண்டா என்று கேட்டிருந்த இடத்தில் ‘இல்லை’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

வக்கீல் சொன்னார்: “முதல் தடவை வந்ததென்றால் தெய்வச் செயல். தெரிந்தே ஓட்டினீரென்றால் குற்றம் உம்முடையது. வலிப்பு என்றால் பழையதெல்லாம் கிளறுவார்கள்; அந்தப் பேச்சே வேண்டாம். அடுப்பு ஒழுகிக் கரிப்புகை தலைக்கேறியது என்று சொல்லும்.”

சொன்னேன். போலீஸ் மாரப்பன் மேல் வழக்கு எழுதியது. அன்றுமுதல் கஞ்சிகூட இறங்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அங்கமுத்து ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார்.

மாரப்பன் வீட்டுக்கு வந்தார். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“நான் படிக்காதவனுங்க சாமி. அடுப்பு ஒழுகுச்சுன்னு அறுபதாம் படியில நின்னு சொல்லிப்போடுங்க. நானே செயிலுக்குப் போயிர்றனுங்க. எறங்கையில மட்டும் மெதுவா எறங்குங்க, படி வழுக்கும்.”

திருச்செங்கோட்டு மலையின் அந்த அறுபது படிகளில் செய்யும் சத்தியத்தைக் கோர்ட்டே ஏற்ற காலம் அது. மறுத்தால் நான் சொன்னது பொய்யென்று ஊருக்கே தெரிந்துவிடும். ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஏறினோம். ஊரார் நாலு பேர் பின்னால் வந்தார்கள். ஒவ்வொரு படியிலும், “அப்பனே, அம்மையே, என்னைக் காப்பாற்று” என்றேன். பொய் சொல்லித் தப்ப வேண்டும் என்பதே அதன் பொருள். அறுபதாம் படியில் கற்பூரம் ஏற்றினார்கள். அதை அணைத்துச் சத்தியம் செய்யக் கை நீட்டினேன்.

இடக்கை விரல்கள் இழுத்தன.

கீழே பார்த்தேன். அத்தனை படிகள். இப்படியே உருண்டு, இந்தப் பொய்யோடு செத்துப்போவேன் என்று தெரிந்தது. மாரப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உக்காருங்க சாமி. நான் புடிச்சிருக்கறனுங்க.”

அந்தப் பிடியில்தான் என் வாய் திறந்தது. “அடுப்பு ஒழுகவில்லை. எனக்கு வலிப்பு உண்டு. தெரிந்தேதான் ஓட்டினேன்” என்றேன். இழுப்பு முழங்கையோடு நின்றது.

மாரப்பன் வழக்கிலிருந்து விடுபட்டார். எனக்கு ஆறு மாதம் சிறை, லைசென்சும் போயிற்று. சிறையிலிருந்தபோதுதான் அங்கமுத்து ஊன்றுகோலோடு நடக்கிறார் என்று செய்தி வந்தது. அன்று வாய்விட்டு அழுதேன். அதன் பிறகு மனு எழுதிப் பிழைத்தேன். வலிப்பு பல தடவை வந்தது. என்னைத் தவிர ஒருவருக்கும் அதனால் காயமில்லை.

நான் கேட்டது தப்பிக்க. ஈசன் எனக்குத் தந்தது, நான் பழி சுமத்தியவரின் கை. நெஞ்சில் எதையாவது மறைத்து வைத்திருப்பவர்கள் பயம் தெளியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான் பயத்தோடுதான் ஏறினேன்.