சனிக்கிழமைச் சத்தம்

எங்கள் சமுதாயக் கூடத்திலேயே குடியிருந்து அதைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயையும் அடக்கும் சத்தம் பின்சுவரோரம் நிற்கும் ஜெனரேட்டருக்கு மட்டும்தான் உண்டு. கரண்ட் இருந்தாலும் சனிக்கிழமை காலையில் அதைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். உடனே பக்கத்து வீட்டு வக்கீல் மதிலுக்கு மேல் தலையை நீட்டுவார்.

“கரண்டுதான் இருக்கே, எதுக்கும்மா இந்தக் கூத்து?”

“சும்மா போட்டு வச்சா, வேணுங்கிற அன்னைக்கு மக்கர் பண்ணும் சார். கேஸ் போடுறதா இருந்தா போடுங்க!”

புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து தெரு நாள்கணக்கில் இருண்டு கிடந்தபோது, ஜெனரேட்டர் முதல் இழுப்பிலேயே ஓடியது. பிளக் இருந்த இடமெல்லாம் செல்போன்கள் தொங்கின. கூடத்து ஃபிரிட்ஜில் தெருக்காரர்களின் இன்சுலின் ஏறியது. அக்காவின் பால் பாத்திரம் வெளியே வந்தது. வக்கீலும் மனைவியின் மருந்தோடு வந்தார். வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவர் அந்த இரைச்சலிலேயே குறட்டை விட்டார். குத்திக்காட்ட அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. அக்காவோ மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தார்.

டீசல் ஊற்ற மெஷினை நிறுத்தியதும் வக்கீல் பதறி எழுந்து ஓடிவந்தார்.

“ஏம்மா, ஏன் சத்தம் நின்னுடுச்சு?”

“டீசல் ஊத்தணும் சார். நீங்க போய்த் தூங்குங்க.”

மறுபடி அது இரையும்வரை அவர் நகரவில்லை.

கரண்ட் வந்த பிறகு, முதல் சனிக்கிழமை. அலுப்பில் அக்கா அசந்து தூங்கிவிட்டார். யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். திறந்தால் வக்கீல்.

“என்னம்மா, இன்னும் சத்தத்தையே காணோம்?”