ஒடிந்த ஈர்க்குச்சி

மகள் பார்சலைப் பிரித்தாள். புதுச் செருப்பின் ரப்பர் வாசம் என்னைத் திண்டுக்கல் கடைவீதிக்கு இழுத்துப் போனது. அப்போது எனக்குப் பதினேழு வயது. பள்ளி விட்டபின் பார்க்க ஒரு வேலை தேடி, நான்காவதாக ஏறியது அந்தச் செருப்புக்கடை.

"முன்ன எந்தக் கடையில இருந்த?" என்றார் முதலாளி பாய்.

"எங்கயும் இல்ல பாய்."

"பழக்கிவிட ஆளில்லம்மா."

நான் திரும்பும்போது, சேவுகம்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண் மகனின் பாத அளவுக்குக் கிள்ளிய ஈர்க்குச்சியை நீட்டினாள். பாய் அதை வைத்துப் பார்த்து ஒரு ஜோடி எடுத்தார். வேலை கிடைக்காத கடுப்பிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, குச்சி ஒரு முனையில பிசிறா இருக்கு. பஸ்ல ஒடிஞ்சிருக்கும். இந்தச் செருப்பு பத்தாது."

அவள் பையைத் துழாவினாள். அடியில் ஒரு விரற்கடைத் துண்டு கிடந்தது.

"இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்றார் பாய்.

"மூணு தம்பிங்க. நான்தான் அளவெடுப்பேன்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நாளைக்குச் சாயந்தரம் வந்துரு."

புதுச் செருப்பை மாட்டிக்கொண்ட மகள், துணிக்கடை வேலைக்கான படிவத்தை எடுத்தாள். முன் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.

"செத்த இரு," என்றேன். "அத அடிச்சிட்டு, வீட்டுல நீ என்னென்ன பாக்குறன்னு எங்கிட்டக் கேட்டு எழுது."