சாமை அறுப்பில் தொடங்கிய கெடு

வசந்தா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சின்னசேலத்திலிருந்து திரும்பும் பேருந்தில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. எந்த நிறுத்தத்தில் இறங்கினேன் என்று இப்போதும் நினைவில்லை.

கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் அவரோடு வாதாடிய நண்பர்களுக்கு அந்தக் குரல் தெரியும். எந்த வழக்கு வந்தாலும், "கெடு முடிஞ்சிதான்னு அப்பறம் பாக்கலாம். எப்ப ஆரம்பிச்சிதுன்னு மொதல்ல சொல்லு" என்பார்.

எனக்கு எதிர்த் தரப்பு வக்கீலாக நின்றே அப்படி ஒரு வழக்கு நடத்தினார். மலையில் ஒருவனுக்குத் தாத்தா எழுதிவைத்த, சாமை விளையும் காட்டை, அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா தன் அண்ணனுக்கு விற்றுவிட்டார். அதை எதிர்த்து வழக்குப் போட, மேஜரான பிறகு மூன்று வருடம்தான் கெடு. அவன் வசந்தா அக்காவிடம் வந்ததே ஆவணியில். பள்ளிச் சான்றிதழ்படி கெடு ஜூனிலேயே முடிந்திருந்தது. காட்டை வாங்கிய அவன் பெரியப்பாவின் வக்கீலான நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அக்கா விடவில்லை. மலைப் பள்ளியில் சேரும் பிள்ளைகளுக்கெல்லாம் தலைமையாசிரியர் ஜூனில் ஒரு பிறந்தநாளை எழுதிவிடுவார். வருடம் பிள்ளையுடையது, மாதம் அவருடையது. "இவன் பொறந்தது சாமை அறுப்புல. நான் கேஸ் போட்டப்ப சாமை முத்தவே இல்ல" என்றார் அக்கா.

விசாரணை நாள் மதியம், மின்விசிறிச் சத்தத்தில் எல்லோருக்கும் கண் சொக்கியது. கூண்டில் நின்ற பெரியப்பாவிடம் அக்கா சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இவங்கம்மாவுக்கு வலி வந்தப்ப சாமை பாதி அறுக்காம நின்னுச்சாமே. மீதிய யாருங்க அறுத்தது?" என்று ஊர்க்கதை பேசுவதுபோலக் கேட்டார்.

பெரியவர் முகம் இளகியது. "நாந்தாம்மா. புள்ள மொகத்தப் பாத்துட்டு வந்து, பொழுது சாயற வரைக்கும் அறுத்துக்கினு இருந்தேன். வேற யாரு அறுப்பாங்க?"

குறுக்கிட வேண்டும் என்பதையே மறந்து, நானும் அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பிறந்தது சாமை அறுப்பில்தான் என்று பெரியவர் வாயாலேயே பதிவாகிவிட்டது. காடு அவனுக்கே திரும்பியது. தோற்றதில் எனக்கு வருத்தம்கூட வரவில்லை, என் கட்சிக்காரர் மன்னிக்கட்டும்.

நேற்று அஞ்சலி பேனரில் 'தோற்றம்' என்று போட, அக்காவின் பிறந்த தேதியைக் கேட்டார்கள். அவர் சான்றிதழிலும் ஜூன்தான். "எங்க வாத்தியாரும் என்னை ஜூன்லதான் பெத்தாரு" என்று ஒருமுறை சிரித்தார். அந்த இடத்தை வெறுமையாக விடச் சொன்னேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். மலையிலிருந்து யார் வந்து என் எதிரே உட்கார்ந்தாலும் முதலில் தேதி கேட்பதில்லை. அப்போது காட்டில் என்ன நின்றது என்று கேட்கிறேன்.