காட்சிக்கு வைக்கச் சம்மதிக்காத கார்

சேலம் ரயிலுக்காகச் சின்னசேலம் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது அமல்ராஜ் கூப்பிட்டார். ஸ்டெல்லா டீச்சரின் தம்பி. "அக்கா காலைல எழுந்திருக்கலைங்க" என்று மட்டும் சொன்னார். ரயில் வந்து போயிற்று. நான் வெளியே வந்து, டீச்சரின் ஊரான வடக்கனந்தலுக்குப் பேருந்து தேடினேன்.

வழியெல்லாம் கைப்பேசியில் அஞ்சலிகள் வந்துகொண்டிருந்தன. எங்கள் பள்ளி ஆசிரியர் குழுவில் ஒருவர் அவரை அமைதியின் உருவம் என்று எழுதியிருந்தார். நோயைப் பொறுமையோடு சுமந்தவர் என்றார் இன்னொருவர். இதை வாசிக்கும் நீங்கள் அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் இயற்பியல் படித்தவர்கள். உங்களைத்தான் கேட்கிறேன்: யாரைச் சொல்கிறீர்கள்? பதினோராம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டு, ஆசிரியர் அறையில் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்படி ஒருவரைத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஸ்டெல்லா டீச்சர் சண்டைக்காரி.

அவருக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். விடுமுறை நாளில் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலையேறுவார். கரியாலூரில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். அருவிப் பக்கம் போனதே இல்லை. அவர் போனது வளைவுகளுக்காக. "ஏறும்போது எல்லாரும் ஓட்டுவாங்க மலர். எறங்கும்போதுதான் தெரியும், யாரு இன்னா ஓட்டுறாங்கன்னு" என்பார்.

ஐம்பதை நெருங்கும் வயதில் அவருக்கு வலிப்பு வந்தது. வகுப்பறையில், கரும்பலகைக்கு முன்னால் விழுந்தார். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை அவர் எதிர்க்கவில்லை. "ரோட்ல ஜனம் போவுது. என் ஆசைக்கு அவங்க ஏன் அடிபடணும்?" என்று சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். ஆனால் மற்றவர்கள் அதோடு நிற்கவில்லை. செய்முறை வகுப்பு வேண்டாம் என்றார்கள். சுற்றுலாவுக்கு வர வேண்டாம் என்றார்கள். பிறகு தலைமையாசிரியை அழைத்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளலாமே, உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். நான் அந்த அறையில்தான் இருந்தேன்.

"என் நல்லது எனக்குத் தெரியுங்க மேடம். லேபைத் திருப்பிக் குடுங்க" என்றார் டீச்சர். அந்தக் கல்வியாண்டு முழுக்க, கூட்டத்துக்குக் கூட்டம், அதையே கேட்டார். கேட்டு வாங்கினார்.

அந்த நாட்களில்தான் அவர் மேசைப் பாதையில் ஓடும் கார்களைப் பற்றித் தெரிந்துகொண்டார். பலகையில் ஒரு பள்ளம் வெட்டி, அதன் இரு பக்கமும் செம்புப் பட்டை ஒட்டியிருப்பார்கள். உள்ளங்கை நீளக் கார் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தில் ஓடும். ஸ்டியரிங் இல்லை. கையிலுள்ள விசையை அழுத்தினால் வேகம், விட்டால் நிற்கும். வளைவில் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டால் கார் பறந்து போய்ச் சுவரில் மோதும். "உள்ள உக்காராம ஓட்டலாம், யாரும் சாவ மாட்டாங்க. எனக்குன்னே செஞ்சி வச்சிருக்கானுங்க" என்று சிரித்தார்.

கடையில் வாங்கலாமே என்றேன். முறைத்தார். இணையத்தில் கிடைத்த ஒரு பழைய பந்தயக் காரின் படங்களைக் காட்டினார். சுருட்டு போல நீண்ட உடல், வெளியே துருத்திய நான்கு சக்கரங்கள், ஓட்டுபவரின் தலை காற்றில் தெரியும். அதைத்தான் செய்யப் போவதாகச் சொன்னார். உடலுக்குக் கரியாலூரிலிருந்து கல்யாண முருங்கைக் கட்டை வந்தது. அதைவிட லேசான மரம் இல்லை என்றார். கள்ளக்குறிச்சியில் சாமி சிலை செதுக்குகிறவர்களிடம் சின்ன உளிகள் வாங்கினார். அடிச்சட்டம் பித்தளைத் தகடு. அச்சு சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி. டயர் ரப்பர் செருப்பின் அடி. மின்சாரத்தைத் தொட்டு எடுக்க, கேபிள் டிவி ஒயருக்குள் இருக்கும் செம்புப் பின்னல். முதல் உடலை எடை குறைக்கக் குடைந்து குடைந்து ஓட்டை போட்டுவிட்டார். அதை அடுப்பில் போட்டுவிட்டு அடுத்த கட்டையை எடுத்தார்.

ஒருநாள் ஒயரை ஈயத்தால் பற்றவைக்கும்போது வலிப்பு வந்து, சூட்டுக்கோல் மணிக்கட்டில் விழுந்தது. அமல்ராஜ் கோலை ஒளித்து வைத்துவிட்டார். "இன்னாக்கா இது, சின்னப் புள்ளயாட்டம்? செத்துக்கித்து வச்சீன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்று அழுதார். அவர் பயந்ததில் தப்பில்லை. டீச்சர் புதுக் கோல் வாங்கினார். வாசலில் மேசையைப் போட்டு, தெரு பார்க்க உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மலர், நீ பக்கத்துல உக்காந்துகினு இரு. நான் விழுந்தா மொதல்ல கோலைப் புடுங்கு. அப்புறம் என்னை ஒருக்களிச்சுப் படுக்க வை. அவ்வளவுதான். கத்தாத. அழாத."

"தெருவே பாக்குதே டீச்சர்."

"பாக்கட்டும். பாத்துட்டு அவங்கவங்க வேலையப் பாக்கட்டும்."

அப்படித்தான் சனிக்கிழமைகளில் நான் அந்த வாசலுக்குப் போகத் தொடங்கினேன். ஒருமுறை விழவும் செய்தார். நான் கத்தவில்லை. எழுந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்தில் பற்றவைத்தார்.

ஓட்டுபவரின் உருவத்தைக் கடைசியாகச் செதுக்கினார். தலைக்கவசத்துக்குக் கீழே ஒரு பின்னல் தொங்கியது. முகத்துக்குத் தன் நிறத்தையே பூசினார். யார் என்று நான் கேட்கவில்லை.

பெங்களூரில் இந்தக் கார்களுக்கு ஒரு போட்டி நடப்பதாகத் தெரிந்ததும் பெயர் கொடுத்தார். நானும் போனேன். கூடத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எங்களைவிட மிகவும் இளையவர்கள். போட்டி நடத்திய இளைஞர் காரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையாகவே ரசித்தார். "மரமா? சான்ஸே இல்ல மேடம். ஓட்டி உடைச்சிடாதீங்க, காட்சி மேசையில வைக்கிறோம். எல்லாரும் பாப்பாங்க" என்றார்.

"இது கொலு பொம்மை இல்ல தம்பி. விதியில சொந்தமா செஞ்சதும் ஓட்டலாம்னுதான போட்டிருக்கீங்க? எனக்கு எந்தப் பாதைன்னு சொல்லுங்க."

முதல் சுற்றில் மூன்றாம் வளைவிலேயே கார் பறந்து விழுந்து மூக்கு உடைந்தது. ஒருவர் ஐயோ என்றார். டீச்சர் அதை எடுத்து ஊதிவிட்டு மறுபடி பள்ளத்தில் வைத்தார். அடுத்த சுற்றுக்கு முன்னால் அவருக்கு வலிப்பு வந்தது. கூட்டம் கூடியது. யாரோ ஒரு சாவிக்கொத்தை அவர் கைக்குள் திணித்தார். நான் அதைப் பிடுங்கி எறிந்தேன். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே என் துப்பட்டாவை மடித்து வைத்தேன். ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டார்கள். கொஞ்சம் விலகி நில்லுங்கள் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கண் திறந்து கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். தெளிந்ததும், "என் முறை போயிடுச்சா?" என்றார்.

"இல்ல மேடம். ஆனா போதுமே, ரெஸ்ட் எடுங்க" என்றார் அந்த இளைஞர்.

"உக்காந்து ஓட்டக் கூடாதுன்னு விதி இருக்கா?"

நாற்காலி வந்தது. உட்கார்ந்து ஓட்டினார். மற்ற கார்கள் நேர்ப்பாதையில் அவரைத் தாண்டிக்கொண்டு போயின. வளைவுகளில் மட்டும் அவர் காரை ஒருவராலும் நெருங்க முடியவில்லை. முடிவில் கடைசிக்கு முந்தைய இடம். ரயிலில் திரும்பும்போது முழு வழியும், தனக்குப் பின்னால் கடைசியாக வந்தவன் எங்கே தப்பு செய்தான் என்று விளக்கிக்கொண்டே வந்தார்.

இப்போது தூக்கத்தில் வந்த வலிப்பு அவரைக் கொண்டு போய்விட்டது. அந்தப் பொம்மைக் கார்தான் உடம்பைக் கெடுத்தது, சும்மா இருந்திருந்தால் இருந்திருப்பாள் என்று துக்க வீட்டில் ஒரு அம்மா சொன்னார். அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை, அப்படி இருந்தால் அது அவராக இருந்திருக்காது என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

பெட்டியை மூடும் முன் அமல்ராஜ் காரைக் கொண்டுவந்தார். "அக்கா கூடவே போவட்டும்" என்றார்.

"வேணாம்ங்க. மண்ணுல வைக்கவா செஞ்சாங்க?"

அமல்ராஜ் அதை என் கையில் வைத்தார். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கினார்.

நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கார், உடைந்த மூக்கோடு. சரிசெய்யவில்லை. அலமாரியில் வைக்கவும் இல்லை. சனிக்கிழமைகளில் நானும் அமல்ராஜும் டீச்சர் வீட்டுக் கூடத்தில், அவர் வெட்டிவைத்த பலகைப் பாதையில் அதை ஓட்டிப் பழகுகிறோம். அமல்ராஜுக்கு நிதானம் இல்லை, எனக்கு வேகம் வரவில்லை. பெங்களூர்க்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன்: அடுத்த போட்டியில் இந்தக் கார் ஓடும், ஓட்டுவது நான்.